திரும்ப இடமில்லாத வீடு

பாறைக்குன்றின் அடிவாரத்தில், ஓடையைப் பார்த்த சரிவில், ஒரு முள்ளம்பன்றித் தம்பதியர் புதிதாக வளை தோண்டிக் குடியேறினர். கணவன் பெயர் ஈட்டிமாறன். மனைவி பெயர் ஊசிமல்லி. மழைக்காலம் தொடங்கும்போது ஊசிமல்லிக்குக் குட்டி பிறந்துவிடும். அதற்குள் வீடு முடிந்தாக வேண்டும் என்பதால் ஈட்டிமாறன் ஓய்வில்லாமல் தோண்டினான்.

தோண்டிய விதத்தில் ஊசிமல்லிக்குக் குறையில்லை. மண் கெட்டியாக இருந்தது. சுவர்கள் நேராக இருந்தன. வளைக்குள் பொருள்கள் வரத் தொடங்கிய பிறகுதான் தொல்லையும் வரத் தொடங்கியது.

ஈட்டிமாறனுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும், அங்கே கண்ட அழகு தன் வீட்டிலும் இருக்க வேண்டும் என்பான். நீர்நாயின் வீட்டில் கூழாங்கல் பாவிய தரையைப் பார்த்தான். உடனே ஓடையிலிருந்து கூழாங்கற்களை உருட்டி வந்து நடைவழி முழுதும் பரப்பினான். அணிலின் பொந்தில் இலவம்பஞ்சு மெத்தையைப் பார்த்தான். இலவமரத்தடியில் கிடந்த பஞ்சையெல்லாம் வாரி வந்து படுக்கையில் கொட்டினான். மயிலிடம் கெஞ்சி உதிர்ந்த இறகுகளை வாங்கி வந்து சுவரெங்கும் செருகினான்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலறையில் ஒரு கடமான் கொம்பு. முள்ளம்பன்றிகள் பல்லைத் தேய்த்துக்கொள்ள எலும்பும் கொம்பும் வீட்டில் வைத்திருப்பது வழக்கம். அதற்குச் சிறு துண்டு போதும். ஈட்டிமாறன் இழுத்து வந்ததோ, கிளை கிளையாகப் பிரிந்து அறையின் பாதியை அடைத்துக்கொள்ளும் முழுக்கொம்பு.

“கடிப்பதற்குத்தானே கொம்பு?” என்று கேட்டாள் ஊசிமல்லி.

“இது பார்ப்பதற்கு” என்றான் ஈட்டிமாறன். “பல் பட்டால் மெருகு போய்விடும்.”

பார்க்க வந்தவர்கள் பாராட்டத்தான் செய்தார்கள். மயில் தோகையார் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

“இந்தச் சரிவில் ரசனையுள்ள வீடு இது ஒன்றுதான்” என்றார். “அதிலும் அந்தச் சுவர் இருக்கிறதே, கண்ணை எடுக்க முடியவில்லை.”

அந்தச் சுவரில் இருந்தவை அவருடைய இறகுகள்.

தோகையார் பார்த்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே வாழ வேண்டியவள் ஊசிமல்லி. படுத்து எழுந்தால் பஞ்சு அவள் முட்களில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். “அம்மா, இலவமரம் நடந்து போகிறது!” என்று பக்கத்து வளைக் கீரிப்பிள்ளையின் குட்டிகள் கூவிச் சிரிக்கும். நடைவழியில் கால் வைத்தால் கல் உருளும். சுவரோரம் ஒதுங்கினால் இறகு முள்ளில் சிக்கும். வாசலறைக்கு வந்துவிட்டால் திரும்ப இடமிருக்காது. வந்த வழியே பின்னோக்கித்தான் நகர வேண்டும்.

அவளுடைய கவலையெல்லாம் பிறக்கப்போகும் குட்டியைப் பற்றியது. முள்ளம்பன்றிக் குட்டி பிறக்கும்போது அதன் முள் மயிரைப் போல மெத்தென்று இருக்கும். அது காய்ந்து கடினமாகும்வரை தாய் தந்தையரின் முள்தான் அதற்குக் காவல்.

ஒரு நாள் மாலை, அந்தக் காவலின் தரம் தெரிந்துபோயிற்று.

செந்நாய் ஒன்று மோப்பம் பிடித்து வந்து வாசலில் தலையை நுழைத்தது. முள்ளம்பன்றியின் போர்முறை காட்டில் யாவரும் அறிந்ததே. பகைவனுக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும். முட்களைச் சிலிர்க்க வேண்டும். பின்பக்கமாகப் பாய வேண்டும். முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றால் முள்ளம்பன்றியும் முயலும் ஒன்றுதான்.

ஈட்டிமாறன் திரும்பினான். பாதி திரும்பும்போதே முட்கள் சிலிர்த்துக்கொண்டன. சிலிர்த்த முட்கள் கொம்பின் கிளைகளில் மாட்டிக்கொண்டன. அவனால் முன்னே போக முடியவில்லை. பின்னே வரவும் முடியவில்லை. செந்நாயின் மூச்சு அவன் விலாவைச் சுட்டது. உள்ளேயிருந்த ஊசிமல்லி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைத் தாண்டி வாசலுக்கு வர அவளுக்கும் வழியில்லை.

ஈட்டிமாறன் உடம்பை உதறினான். அந்த உதறலில் கொம்பு சரிந்து, கூழாங்கற்களின்மேல் தடதடவென்று விழுந்தது. செந்நாய் இளையது. வளைக்குள்ளிருந்து இப்படியோர் ஓசை எழும் என்று அது எதிர்பார்க்கவில்லை. வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிற்று.

“பார்த்தாயா மல்லி?” என்றான் ஈட்டிமாறன், மூச்சு வாங்க. “கொம்பு நம்மைக் காப்பாற்றிவிட்டது.”

“கொம்பு உங்களைப் பிடித்து வைத்துக்கொண்டது. நாய்தான் விட்டுவிட்டுப் போயிற்று” என்றாள் ஊசிமல்லி. “அதுவும் யோசிக்கும். விழுந்தது வெறும் கொம்பு என்று புரிந்ததும் திரும்பி வரும். அப்போது உள்ளே குட்டி இருக்கும்.”

ஈட்டிமாறன் கொம்பை நிமிர்த்தி நிறுத்தினான்.

ஊசிமல்லி முடிவு செய்துவிட்டாள். “வாலளந்தாளை அழைத்து வரப்போகிறேன்” என்றாள்.

வாலளந்தாள் ஒரு வெள்ளெலி. பிறர் வீட்டின் உள்ளமைப்பை வடிவமைத்துக் கொடுப்பதே அவள் தொழில். எதையும் வாலால் அளந்து பார்த்த பிறகே வாய் திறப்பாள். அதனால் வந்த பெயர் அது. போன மழையில் குன்றடிவார வளைகள் பலவற்றில் வெள்ளம் புகுந்தபோது, அவள் அமைத்துக் கொடுத்த கீரிப்பிள்ளையின் வளைக்குள் ஒரு துளியும் இறங்கவில்லை.

“நம் வீட்டை நமக்கு அமைத்துக்கொள்ளத் தெரியாதா?” என்றான் ஈட்டிமாறன். “தோண்டியவன் நான். அலங்கரித்தவன் நான். இடையில் ஓர் எலி வந்து என்ன செய்யப்போகிறது? என் ஒரு முள்ளின் நீளம்கூட இருக்கமாட்டாள்.”

“நீளம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. அதனால்தானே சிக்கிக்கொண்டீர்கள்?” என்று சொல்லிவிட்டு ஊசிமல்லி புறப்பட்டாள்.

மறுநாளே வாலளந்தாள் வந்தாள். கூலியை முதலிலேயே பேசிவிட்டாள். “உங்கள் உடம்பிலிருந்து உதிர்ந்த முட்கள் எனக்கு வேண்டும். சுவரில் துளையிட அதைவிட நல்ல கருவி காட்டில் இல்லை. பிடுங்கித் தர வேண்டாம், உதிர்ந்தவை போதும்.”

பிறகு வளைக்குள் நுழைந்தாள். வாசலறை, நடைவழி, உள்ளறை என்று ஓசையில்லாமல் சுற்றி வந்தாள். ஈட்டிமாறன் பாராட்டுக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. வாய்விட்டே கேட்டுவிட்டான்.

“வீடு அழகாக இருக்கிறதா இல்லையா?”

“யாருக்கு?” என்று கேட்டாள் வாலளந்தாள்.

“பார்க்கிறவர்களுக்கு.”

“அவர்கள் இங்கே குடியிருக்கவில்லையே, ஐயா.” அவள் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டாள். “இன்று நான் எதையும் தொடமாட்டேன். நீங்கள் வழக்கம்போல நடங்கள், படுங்கள், சாப்பிடுங்கள், சண்டை போடுங்கள். நான் இங்கிருப்பதை மறந்துவிடுங்கள்.”

“சண்டையா? நாங்கள் சண்டையே போடுவதில்லை” என்றான் ஈட்டிமாறன்.

“நேற்றுக்கூடப் போட்டோம்” என்றாள் ஊசிமல்லி.

“போடவில்லை.”

“இதோ போடுகிறோம், அக்கா. பார்த்துக்கொள்ளுங்கள்.”

ஒரு முழு நாள் வாலளந்தாள் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊசிமல்லி எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறாள், எழும்போது எந்தக் காலை ஊன்றுகிறாள், ஈட்டிமாறன் இரை தேடிவிட்டு வந்ததும் எங்கே முதலில் நிற்கிறான் என்பதையெல்லாம் கவனித்தாள். மறுநாள் காலையில் கேள்விகளைத் தொடங்கினாள்.

“ஐயா, வளை தோண்டும்போது உடம்பை அளந்துதானே தோண்டினீர்கள்?”

“பின்னே? உள்ளே புகுந்து நெளிந்து பார்த்துத்தான் ஒவ்வோர் அறையையும் முடித்தேன்.”

“அப்போது கோபமாக இருந்தீர்களா?”

“எதற்காகக் கோபப்பட வேண்டும்? புது வீடு கட்டுகிறேன், மகிழ்ச்சியாக இருந்தேன்.”

“அப்படியென்றால், மகிழ்ச்சியாக இருக்கும் ஈட்டிமாறனுக்குத்தான் இந்த வீடு பொருந்தும். செந்நாய் வந்தபோது வாசலில் நின்றவர் கோபமான ஈட்டிமாறன். அவருக்கு இதுவரை யாரும் அளவெடுக்கவில்லை. வெளியே வாருங்கள்.”

ஊசிமல்லி திகைத்துப்போனாள். எவ்வளவு எளிய கேள்வி! இத்தனை நாள் அது அவளுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை.

மூவரும் வெட்டவெளிக்கு வந்தார்கள்.

“கோபப்படுங்கள்” என்றாள் வாலளந்தாள்.

“காரணமில்லாமல் எப்படி அம்மா கோபப்படுவது?”

“அதுவும் சரிதான். நானே ஒன்று கேட்கலாம் என்றிருந்தேன். வாசலில் ஒரு கொம்பு வைத்திருக்கிறீர்களே, அது எந்த ஆட்டினுடையது?”

ஈட்டிமாறனின் காது நிமிர்ந்தது. “ஆடா?”

“வெள்ளாடு என்று நினைக்கிறேன். கொஞ்சம் வயதான ஆடாக இருந்திருக்கும்.”

“கடமான்!” என்று உறுமினான் ஈட்டிமாறன். முட்கள் கலகலவென்று நிமிர்ந்து விரிந்தன. அவன் உடம்பு ஒரு புதரளவுக்குப் பெருத்துவிட்டது.

“அப்படியே நில்லுங்கள். அசையாதீர்கள்.” வாலளந்தாள் அவனைச் சுற்றி ஓடி, வாலை நீட்டி நீட்டி அளந்தாள். “முடிந்தது. அது கடமான் கொம்புதான், ஐயா. அருமையான கொம்பு. இனி நீங்கள் அடங்கலாம்.”

ஊசிமல்லி சிரித்த சிரிப்பில் அவள் முட்களும் குலுங்கின. வாலளந்தாள் அவள் பக்கம் திரும்பினாள். “உங்களுக்கும் அளவெடுக்க வேண்டும், தங்கச்சி. குட்டி பிறந்த பிறகு தாய்க்குக் கோபம் வந்தால், தந்தையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் வேண்டியிருக்கும்.”

அளவெடுத்த பிறகு, உதிர்ந்த முள்ளொன்றால் ஈரமணலில் ஒரு படம் வரைந்தாள். வாசலையடுத்து ஒரு வட்ட அறை. அதில் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. அங்கிருந்து ஒரு வளைவு. வாசலில் நிற்பவனுக்கு உள்ளறை தெரியாது. கடைசியில் குட்டி பிறப்பதற்கான பேற்றறை, அதன் தரை, மழைநீர் ஏறாதபடி நடைவழியைவிடச் சற்று உயரமாக இருக்கும்.

“பஞ்சு?” என்று கேட்டாள் ஊசிமல்லி.

“பஞ்சு அணிலுக்கு. அதன் உடம்பில் முள் இல்லை. உங்களுக்குக் காய்ந்த கோரைப்புல், ஒட்டாது. படுக்கையோரம் குட்டி கிடக்கும் இடத்தைச் சுற்றி மண்ணால் ஒரு சிறு வரம்பு வைப்போம். நீங்கள் புரளும்போது குட்டி உங்கள் முள்ளுக்கடியில் உருண்டு வராது.”

“கூழாங்கல்?” இது ஈட்டிமாறன்.

“அது நல்ல கல், இடம்தான் தப்பு. உள்ளே கிடந்தால் உங்கள் நடமாட்டம் வெளியே கேட்கும். வாசலுக்கு வெளியே பரப்பினால் வருகிறவனின் நடமாட்டம் உள்ளே கேட்கும்.”

ஈட்டிமாறனால் இதை மறுக்க முடியவில்லை. ஆனால் அடுத்த கேள்விக்கு அவன் தன்னைத் திடப்படுத்திக்கொண்டான்.

“கொம்பு வாசலறையில்தான் இருக்கும். அதை எடுப்பதாக இருந்தால் என்னையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.”

“எடுக்கச் சொல்லவில்லையே. நீங்கள் படுக்கிற இடத்துக்கு எதிரே, சுவரைக் குடைந்து ஒரு மாடம் அமைக்கிறேன். கொம்பு அதில் இருக்கட்டும்.”

“உள்ளே வைத்தால் யார் பார்ப்பார்கள்?”

“நீங்கள்” என்றாள் வாலளந்தாள். “நேற்று முழுதும் கவனித்தேன், ஐயா. அந்தக் கொம்பைக் கடக்கும்போதெல்லாம் முள்ளை மடக்கிக்கொண்டு ஒதுங்கிப் போனீர்களே தவிர, ஒருமுறையேனும் நின்று பார்க்கவில்லை.”

வேலை தொடங்கியது. வாலளந்தாள் மண்ணில் கைவைக்கவில்லை. “தோண்டுவது உங்கள் வேலை. எங்கே தோண்டக் கூடாது என்று சொல்வது என் வேலை” என்றாள். ஈட்டிமாறன் முணுமுணுத்துக்கொண்டே தோண்டினான். பேற்றறையை அவன் தன் விருப்பப்படி பெரிதாக்கியபோது, பாதியை மூடச் சொல்லிவிட்டாள். பெரிய அறை குளிரும் என்றாள். மூடும்போது அவன் முணுமுணுப்பு நடைவழிவரை கேட்டது.

சுவரிலிருந்த இறகுகளும் அகன்று எல்லாம் ஒழுங்கானபின், உதிர்ந்த முட்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு வாலளந்தாள் விடைபெற்றாள். “வட்ட அறையை மட்டும் காலியாகவே வைத்திருங்கள். இந்த வீட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சில நாள்கள் சென்றன. வானம் கறுத்தது. ஒரு மாலைப்பொழுதில், உள்ளறையில் படுத்திருந்த ஊசிமல்லிக்கு இடுப்பில் முதல் வலி எடுத்தது. அதே நேரத்தில், நடைவழியில் எதையோ இழுக்கும் ஓசையும் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தாள். வட்ட அறையின் நடுவில் கொம்பு நின்றுகொண்டிருந்தது.

“என்ன இது?”

“நாளைக் காலையில் தோகையார் வருகிறார்” என்றான் ஈட்டிமாறன், அவள் முகத்தைப் பார்க்காமல். “வெற்று அறையைக் காட்டச் சொல்கிறாயா? அவர் போனதும் மாடத்தில் வைத்துவிடுவேன். ஓரிரவுதானே.”

“குட்டி இன்றிரவே வந்துவிடும்போல இருக்கிறது.”

ஈட்டிமாறன் கொம்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஊசிமல்லி கொம்பை நெருங்கினாள். கொம்பின் ஒரு கிளையைப் பற்களால் கவ்வி இழுக்கத் தொடங்கினாள். வயிற்றைத் தரையில் உரசிக்கொண்டு, நின்று நின்று இழுத்தாள். கொம்பு மெல்ல நகர்ந்தது. இன்னொரு வலி வந்தது. கிளையை விடாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வலி அடங்கியதும் மீண்டும் இழுத்தாள்.

அதற்குமேல் ஈட்டிமாறனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“விடு மல்லி. நான் இழுக்கிறேன். நீ போய்ப் படு.”

“மாடத்துக்குப் போகும்வரை நானும் வருகிறேன்.”

“நம்பிக்கை இல்லையா?”

“கொம்பு விஷயத்தில் இல்லை.”

அவன் இழுத்தான்; அவள் பின்னிருந்து நெட்டினாள். கொம்பு வளைவைக் கடந்தது. மாடத்தில் ஏறி அமர்ந்தது. ஊசிமல்லி கோரைப்படுக்கையில் சாய்ந்தாள். அப்போது வாசலுக்கு வெளியே கூழாங்கற்கள் கலகலத்தன.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஈட்டிமாறன் ஓடினான்.

செந்நாயின் தலை ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. சென்ற முறை சிக்கித் தவித்த ஒரு பிராணியைப் பார்த்துவிட்டுப் போன நாய் அது; இந்த முறை அதற்கு அச்சமில்லை. ஈட்டிமாறன் வட்ட அறையின் நடுவில் கால் ஊன்றி, ஒரே சுழற்சியில் திரும்பினான். அவன் முட்கள் முழுதும் விரிந்தன. எந்தப் பக்கமும் இடிக்கவில்லை. எந்தக் கிளையும் தடுக்கவில்லை. கோபமான ஈட்டிமாறனுக்கு அந்த அறை அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்தியது. அதே வேகத்தில் பின்பக்கமாகப் பாய்ந்தான்.

செந்நாயின் அலறல் ஓடைக்கு அப்பால் வரை கேட்டது. மூக்கிலும் தாடையிலும் முட்களைச் சுமந்துகொண்டு ஓடிய அந்த நாய், அதன்பின் அந்தச் சரிவில் தென்படவே இல்லை.

அன்றிரவு மழை கொட்டியது. பேற்றறைக்குள் நீர் ஏறவில்லை. விடியும்போது, மயிரைப் போல மெத்தென்ற முட்களோடு ஒரு பெண்குட்டி, வரம்புக்குள் பத்திரமாகப் படுத்துத் தாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது. ஈட்டிமாறன் தன் இடத்தில் படுத்தபடி அதைப் பார்த்தான். பிறகு எதிரே மாடத்திலிருந்த கொம்பைப் பார்த்தான். நுனிகளில் அதற்குத் தேன்நிறம் இருப்பதை அன்றுதான் கண்டான்.

மழை விட்டதும், சொன்னபடி தோகையார் வந்தார். வாசலில் நின்று கழுத்தை நீட்டினார். சுவரில் இறகுகள் இல்லை. அறையில் கொம்பு இல்லை. அவர் முகம் சுருங்கிவிட்டது.

“என்ன ஈட்டிமாறா, எல்லாவற்றையும் ஓர் எலி காலி செய்துவிட்டதாமே? வாசலறையில் ஒன்றுமே இல்லையே?”

உள்ளேயிருந்து ஊசிமல்லி காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒன்றுமே இல்லாததால்தான் தோகையாரே, நேற்று என்னால் திரும்ப முடிந்தது” என்றான் ஈட்டிமாறன். “உள்ளே வாருங்கள், குட்டியைப் பாருங்கள். தோகையை மட்டும் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள். இந்த வீடு உங்கள் அளவுக்கு அமைத்ததில்லை.”

கண்டவர் வீட்டு அழகையெல்லாம் கொண்டுவந்து நிரப்புகிறவன் பிறர் பார்ப்பதற்கே வீடு அமைக்கிறான். குடியிருப்பவரின் வாழ்க்கையை அளந்து வடிவமைக்கத் தெரிந்த தொழில் தேர்ந்தவரிடம் ஒப்படைக்கிறவனுக்கே, வேண்டிய வேளையில் அவன் வீடு துணை நிற்கும்.